மூஞ்சி உங்களுதுங்க

கொல்லிமலைச் செம்மேட்டில் தாலுகா ஆபீசுக்கு எதிரே அவள் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாள். அங்கே போய் உட்கார்ந்தால் ‘சிரிங்க’ என்று சொல்ல மாட்டாள். ‘சிரிக்காதீங்க’ என்றும் சொல்ல மாட்டாள். லைட்டைத் திருப்பி வைப்பாள், காலரை நிமிர்த்தச் சொல்வாள், கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அதற்கப்புறம் உங்களுக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவில் அவள் வரவே மாட்டாள்.

ஒரு கட்சிக்காரர் போஸ்டருக்குப் படம் எடுக்க வந்தார். வேட்டியும் சட்டையும் கண்ணைப் பறிக்கிற வெள்ளை.

“ஏம்மா, சிரிக்கட்டுமா, கும்புடட்டுமா?”

“மூஞ்சி உங்களுதுங்க. அதுல எனக்கென்னங்க வேல?”

மனிதர் ஆடிப்போய்விட்டார். அதுவரைக்கும் யாராவது சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்திருப்பார் போல. கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்தார். பாவம், இந்த ஆளுக்கு என்ன கஷ்டமோ என்று ஜனங்கள் ஓட்டைக் குத்தியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இன்னொரு தடவை மலையிலேயே இருக்கிற அரியூர் நாட்டு ஊர்களில் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா இறந்து மூன்றாம் நாள். மாலை போட்டு மாட்டுவதற்குப் பெரிய படம் வேண்டும். அந்த மனிதரின் வாழ்நாளில் இருந்ததே ஒரு படம்தான். அதில் அவர் பல்லெல்லாம் தெரிய, கண் இடுங்க, யாரோ சொன்ன கெட்ட வார்த்தை ஜோக்குக்குச் சிரிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

“வாயை மட்டும் மூடி வெச்சுருங்க. நாலு பேரு வந்து போற ஊடு” என்றார் மூத்த மகன்.

“முடியாதுங்க.”

“ஏன் முடியாது? காளப்பநாயக்கன்பட்டில கம்ப்யூட்டர்ல பண்றாங்களே?”

“கம்ப்யூட்டர்ல முடியுமுங்க. என்னாலதான் முடியாது. அவரு சிரிச்சாரு. நான் யாருங்க அதை மூடறதுக்கு?”

சண்டை போட்டார்கள். கடைசியில் அந்தச் சிரிப்புக்குத்தான் மாலை விழுந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுக்குப் பக்கத்துக் கடை நான். ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ். ஹெட்லைட், செல்ஃப் மோட்டார், முக்கியமாக ஆர்ன். அந்த மலையில் ஏறி இறங்குகிற வண்டிகளில் பாதிக்கு மேல் நான் வைத்த ஆர்ன்தான் கத்தியது. மீதி வண்டிகள் நான் வைத்து, கத்தாமல் போனவை.

இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த ஒற்றைச் செங்கல் சுவர் வழியாக ஒரு நாள் அவள் கேட்டாள்.

“ஏனுங்ணா, பேஸ் கிட்டார் வாசிப்பீங்களா?”

“அது என்ன கண்ணு?”

“நாலு கம்பிதாங்ணா. நீங்க வண்டில எத்தன ஒயரு இழுக்கறீங்க?”

எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கிட்டாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தொந்தி இருந்தது. என்னிடம் இருந்த இசை ஞானத்தைப் பார்த்து அவள் கூப்பிட்டதாக ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். என் கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். கரண்டு போனாலும் அரை நாள் தாங்கும்.

அப்படி உண்டானதுதான் எங்கள் ராக் பேண்டு. பெயர் ‘கடைசி வளைவு’. பாட்டும் கிட்டாரும் அவள். டிரம்ஸ் அவள் வீட்டுக்காரர். சரக்கு வேன் ஓட்டுகிறவர். அன்னாசியும் பலாவும் மிளகும் ஏற்றிக்கொண்டு கீழே போவார், சிமெண்டும் கோழித்தீவனமும் ஏற்றிக்கொண்டு மேலே வருவார். ஸ்டியரிங்கில் தட்டித் தட்டி அவருக்குத் தாளம் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பழைய பேட்டரிகளுக்கு நடுவில் மூன்று பேரும் வாசிப்போம்.

எங்கள் பாட்டெல்லாம் மெதுவாக இருக்கும். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடும். அதை நெட்டில் போட்டோம். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் காலேஜ் பிள்ளைகள் கேட்டுவிட்டு அழுதார்கள். கொல்லிமலையின் மூடுபனி இவர்களுடைய தாளத்துக்குள் இறங்கியிருக்கிறது என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அது மூடுபனி இல்லை, என் மோதிர விரல். அதற்கு மேல் வேகமாகப் போகாது. ஒரு தலைமுறையே என் விரல் சுளுக்குக்குக் கண்ணீர் விட்டது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் அது பிடிக்காது.

“ஏம் புள்ள, ஒரே ஒரு பாட்டு. ஆடற மாதிரி. கேட்டா காலு சும்மா நிக்கப்படாது.”

“ஆடோணும்னா ஆடுங்க. ஆரு வேண்டாங்கறா? பாட்டுல என்னத்துக்கு ஆட்டத்தைக் கேக்கறீங்க?”

திருவிழாக்காரர்களும் கேட்டார்கள். குத்துப்பாட்டு நாலு பாடினால் மேடை தருகிறோம் என்றார்கள். முடியாது என்றாள். கேட்டால் கொடுக்கவே மாட்டாள். எல்லாரும் ஆடு என்றால் உட்கார்ந்துகொள்வாள். அப்போது அதை நான் திமிர் என்று நினைத்தேன். வாயில் சொல்லவில்லை, சொன்னால் பேண்டை விட்டுத் தூக்கிவிடுவாள், வீட்டில் எனக்கு இருந்த ஒரே மரியாதையும் போய்விடும்.

இந்த இடத்தில் ஆர்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தொழில் என்பதற்காக இல்லை.

எங்கள் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஏறுகிற வண்டி ஆர்ன் அடிக்க வேண்டும். எதிரே இறங்குகிற வண்டி அதைக் கேட்டு, அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று, ‘கேட்டுச்சு, நீ வா’ என்று ஒரு குட்டை ஆர்னைத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் பதில் வரும்வரை ஏறுகிறவன் வளைய மாட்டான். பழகிய டிரைவர்களுக்கு அடிக்கிற விதத்திலேயே இன்னார் வண்டி என்று தெரிந்துவிடும்.

அவள் வீட்டுக்காரர் இரண்டு குட்டை, ஒரு நெட்டை அடிப்பார். பாம், பாம், பாஆஆம். அதற்குப் பின்னால் கையை எடுத்த பிறகும் ஒரு ‘பிப்’ தானாக வரும். அது என் கைவேலையின் லட்சணம். நான் மாட்டிய ரிலே, அதாவது ஆர்னுக்குக் கரண்டை விட்டு நிறுத்துகிற சுவிட்சு, சிக்கிக்கொண்டது. சரிசெய்து தருகிறேன் என்று வெட்கத்தோடு போனேன்.

“தொடாதீங்ணா. கடலை வாங்குனா ஒரு கொசுறு போடுவான்ல, அந்த மாதிரி நல்லாருக்குது” என்றார்.

அவர்கள் வீடு பாதை முடிகிற மேட்டில். கீழே கடைசி வளைவுகளில் அந்தக் கொசுறு கேட்டதும் அவருடைய அம்மா “வந்துட்டான்” என்பார். உடனே அடுப்பில் தண்ணீரை வைப்பார். வண்டி வாசலில் நிற்கும்போது டீ தயாராக இருக்கும். தினமும் இது நடக்கும்.

அவள் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனார். எழுபது வளைவும் ஒன்றும் பண்ணாத மனிதரை நாலு நாள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. கடைசி வளைவில் விபத்து என்று நெட்டில் யாரோ எழுதினார்கள். பேண்டு பெயருக்குப் பொருத்தமாக இருந்ததால் எல்லாரும் அதையே நம்பினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள்: ‘வளைவு ஒண்ணும் பண்ணலீங்க. காய்ச்சல்.’

அதற்குப் பிறகு உலகமே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோயம்புத்தூரில் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிற ஒரு தம்பி வாரம் தவறாமல் போன் பண்ணுவான்.

“அக்கா, அடுத்த பாட்டெல்லாம் ரொம்ப ஆழமா இருக்கும்ல?”

“நான் என்ன சாமி, கெணறா தோண்டறேன்?”

நானும் விடவில்லை. சோகமாக நாலு வரி எழுதி, அதற்கேற்ற முகத்தையும் மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். படித்துப் பார்த்தாள்.

“அழுகை வந்தா அழுதுக்கோங்ணா. எம்பேரச் சொல்லி அழாதீங்க” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் போன எட்டாம் மாதம் புதுப்பாட்டோடு வந்தாள். டிரம்ஸுக்கு ஒரு பிரைவேட் பஸ் கண்டக்டரைப் பிடித்திருந்தாள். வாசிக்க ஆரம்பித்ததும் நான் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டேன். வேகம். வேகம் என்றால், கேட்டால் கால் சும்மா நிற்காது. வரிகளில் பலாப்பழ ஈ வருகிறது, பிரேக் பிடிக்காத சைக்கிள் வருகிறது, மழையில் நனைந்த கோழித்தீவன மூட்டை வருகிறது. துக்கம் எங்கேயும் இல்லை.

“கண்ணு, இது என்னது?”

“பாட்டுங்ணா.”

“இப்பவா?”

“வேற எப்பங்ணா? நீங்களே தேதி குறிச்சுக் குடுங்களேன்.”

வாசித்தேன். தினமும் சாயங்காலம் விரல் வீங்கியது. என் வீட்டுக்காரி தைலம் தேய்த்துக்கொண்டே, “இந்த வயசுல மனுசனுக்கு மூட்டு வலி வரும், முதுகு வலி வரும். உங்களுக்குப் பாட்டு வலியா?” என்றாள்.

அந்தப் பாட்டில் இரண்டு இடம் எனக்குப் புரியவே இல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் டிரம்ஸ் மூன்று அடி அடித்து நிற்கும். அதற்குப் பின்னால் நான் மட்டும் ஒரே ஒரு குட்டைச் சத்தம் வாசிக்க வேண்டும்.

“அதையும் டிரம்ஸ்லயே அடிச்சுறலாமே?”

“இல்லீங்ணா. அது உங்க வேல. நீங்கதான் வாசிக்கோணும்.”

அது முடிந்ததும் யாரும் எதுவும் வாசிக்காத ஒரு வெற்றிடம். நான் பழக்க தோஷத்தில் அதற்குள்ளும் போய் விழுந்துவிடுவேன். கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

“அங்க வாசிக்காதீங்ணா. அது நம்ம எடமில்ல” என்பாள்.

“அப்ப யாரு எடம்?”

அடுத்த வரியை ஆரம்பித்துவிடுவாள். நான் எண்ணிக்கை தப்பாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

பாட்டை நெட்டில் போட்டோம். இவ்வளவு நாள் அழுதவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் மாதிரி கோபப்பட்டார்கள். ‘எங்கள் கடைசி வளைவு இது இல்லை.’ ‘பணத்துக்காக மாறிவிட்டார்கள்.’ ‘புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் கும்மாளம்.’ அவள் இதையெல்லாம் சத்தமாக எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, அடுத்த ஆளைப் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காரவைப்பாள். ஒரு வார்த்தை திருப்பி எழுதியதில்லை.

ஆனால் ஒன்று அவளைக் குத்தியது. சொந்தக்காரப் பெண் ஒருத்தி அவளுடைய மாமியாரிடம் போனை நீட்டி, “பாத்தீங்களா உங்க மருமவ ஆட்டத்த?” என்று பாட்டின் தொடக்கத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அந்தம்மா முதல் வரி முடியும்வரைகூடக் கேட்கவில்லை. போனைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து மருமகளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சமைப்பார், போடுவார், பேச மாட்டார். அவர்கள் இரண்டு பேர்தான் அந்த வீட்டில்.

“ஊட்ல தட்டு வெக்கற சத்தம் மட்டுந்தாங்ணா கேக்குது” என்றாள் ஒரு நாள், பியூஸ் போன பல்பைக் கழற்றிக்கொண்டே. அவள் குரல் அப்படிக் கீழே இறங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“நீயே போயி அத்தைகிட்ட வெளக்கமாச் சொல்லிரு கண்ணு.”

“என்னன்னுங்ணா? எனக்கும் துக்கம் இருக்குதுன்னு சர்டிபிகேட் வாங்கிக் காட்டட்டுமா? அவங்க பெத்தவங்க. எம்பட பாட்டு நல்லால்லைன்னா, நல்லால்லைன்னே இருக்கட்டும். ஆனா நான் மாத்த மாட்டேன்.”

கோயம்புத்தூர்த் தம்பி நேரிலேயே வந்துவிட்டான். அவள் வீட்டுக்காரரின் நினைவாகச் செம்மேட்டிலேயே ஒரு நிகழ்ச்சி, பஸ் ஸ்டாண்டை ஒட்டின காலி இடத்தில், சாயங்காலம். நெட்டில் நேரலை. எல்லாம் அவன் செலவு.

“பழைய பாட்டு ஆறு போதும்க்கா. நடுவுல அண்ணனைப் பத்தி ரெண்டு வார்த்தை. அப்ப எல்லாரும் போன் லைட்டைப் போட்டு ஆட்டுவாங்க.”

“எதுக்குச் சாமி? கரண்டு இருக்குதே.”

“அக்கா, அந்தப் புதுப்பாட்டு மட்டும் வேண்டாம். நெனவு நாளுக்கு அது...”

“அதைத்தான் மொதல்ல பாடுவேன்.”

“அப்ப நேரலையக் கட் பண்ணிருவோம்க்கா.”

“பண்ணிக்க கண்ணு. உம்பட மைக்கையும் எடுத்துக்க. அண்ணன்கிட்ட இன்வெர்ட்டர் இருக்குது.”

நான் வீரமாகத் தலையாட்டினேன். பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி எத்தனை மாதமாயிற்று என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மேடை ஏறினால் மனசு மாறிவிடுவாள் என்று நம்பி, தம்பி எதையும் நிறுத்தவில்லை. அன்றைக்குக் கூட்டம் வந்தது. கீழேயிருந்து பைக்கில் வந்த பிள்ளைகள் எல்லாம் கறுப்புச் சட்டை, அழுவதற்குத் தயாராக. நானும் கண்டக்டரும் கறுப்பு, தம்பி வாங்கிக் கொடுத்தது, எனக்கு வயிற்றுப் பட்டன் மாட்டவில்லை. அவள் கிளிப்பச்சைச் சேலையில் வந்தாள். முன்வரிசையில் அவளுடைய மாமியார். நினைவு நிகழ்ச்சி என்பதால் வந்திருந்தார். பக்கத்தில் அந்தப் போன் காட்டிய சொந்தக்காரி.

அவள் மைக்கைப் பிடித்தாள். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த இரண்டு வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்.

“வணக்கமுங்க. புதுப்பாட்டுங்க.”

ஆரம்பித்துவிட்டாள். கறுப்புச் சட்டைகள் திகைத்து நின்றன. “பழைய பாட்டு! பழைய பாட்டு!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தம்பி மேடையோரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். நான் பயத்தில் விரல் எங்கே போகிறது என்றே தெரியாமல் வாசித்தேன். அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினாள். முதல் வரி முடிந்தது. டிரம்ஸ் மூன்று அடித்தது. பயத்தில் என் குட்டைச் சத்தத்தை விட்டுவிட்டேன். பாட்டு அந்த வெற்றிடத்தில் வந்து நின்றது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு ஆர்ன் கேட்டது. குட்டையாக, ஒரே ஒரு ஆர்ன்.

“யாருங்க அது?” என்று தம்பி எழுந்து ஓடினான்.

அடுத்த வரி. மூன்று அடி. நான் மறுபடியும் கோட்டைவிட்டேன். வெற்றிடம். இப்போது இரண்டு ஆர்ன். நாமக்கல் பஸ்ஸும், அதற்குப் பின்னால் நின்ற ஒரு லாரியும். அந்த டிரைவர்கள் மேடைப் பக்கம் பார்க்கக்கூட இல்லையாம். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நாமக்கல் பஸ் டிரைவர், சத்தம் கேட்டதும் கிளாஸோடு ஓடி வண்டிக்குள் கையை விட்டு அடித்தேன் என்றார் பிறகு. “ஏறி வர்றவன் கேக்கறான், பதில் குடுக்காம இருக்க முடியுமாங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்த ஆர்னை அந்த வண்டிக்கு மாட்டியவனே நான்தான். மூன்று மாதமாகத் தினமும் அதை வாசித்துக்கொண்டு, எண்ணிக்கையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முன்வரிசையில் சொந்தக்காரி எழுந்துவிட்டாள். அந்தம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“எந்திரிங்க, போலாம். இந்தக் கூத்தெல்லாம் பாத்துக்கிட்டு...”

அந்தம்மா கையை உதறினார்.

“நீ போ. எம் பையன் வந்துட்டிருக்கான்.”

அதைக் கேட்டு நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கண்டக்டரும் நிறுத்தினான். அவள் மட்டும் கிட்டாரை வாசித்துக்கொண்டே, மாமியாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தம்மா எழுந்து மேடைக்குக் கீழே வந்தார். பல நாள் கழித்து முதல் தடவையாக மருமகளிடம் வாயைத் திறந்தார்.

“எல்லாஞ் செரி சாமி. கடைசில கொசுறு ஒண்ணு வருமே? அதெங்க?”

அவள் என்னைக் கை காட்டினாள்.

“அந்தண்ணனக் கேளுங்கத்தை.”

மொத்தச் செம்மேடும் திரும்பி என்னைப் பார்த்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். பாம், பாம், பாஆஆம். என் வீங்கிய விரலால் ஒரு ‘பிப்’ போட்டேன். ஸ்டாண்டில் இருந்த வண்டியெல்லாம் ‘நீ வா’ என்று வழி விட்டன. பழைய பாட்டுக் கேட்டவன் என்ன ஆனான் என்று தெரியவில்லை; கறுப்புச் சட்டைகளில் கொஞ்சம் ஆட ஆரம்பித்தன, கொஞ்சம் கோபத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு கீழே போயின. போகிறவர்களும் வளைவுக்கு வளைவு ஆர்ன் அடித்துத்தானே போக வேண்டும்?

முடிந்ததும் அவளைக் கேட்டேன். “அவரு இருக்கறப்ப எத்தன தடவை கேட்டாரு இந்த மாதிரி ஒண்ணு? அப்பவே பாடியிருக்கலாமில்ல?”

“அப்ப எனக்கு வர்லீங்ணா. இப்ப வந்துச்சு.” அவ்வளவுதான் சொன்னாள். குற்ற உணர்ச்சியா, பிரியமா, பிடிவாதமா என்று நான் அவள் முகத்தில் தேடினேன். தேடுகிறேன் என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அவள் சேலத்தில் இருக்கிறாள், மாமியாரோடு. அங்கே ஒரு ஸ்டுடியோ வைத்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் இங்கேயே ஆர்ன் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ரிலே இப்போதெல்லாம் சிக்குவதில்லை. வேண்டுமென்றே சிக்கவைக்கப் பார்த்தேன், அந்த மாதிரி வரமாட்டேன் என்கிறது.

அன்று சாயங்காலம் மேடையிலேயே டைமர் வைத்து அவள் எடுத்த படம் ஒன்று என் கடையில் மாட்டியிருக்கிறது. கிளிப்பச்சையில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். கண்டக்டர் சிரிக்கிறான். அந்தம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு மாதிரி ஒன்று. ஓரத்தில், வயிற்றுப் பட்டன் திறந்தபடி, மூக்கிலும் கண்ணிலும் ஒழுக, வாயைக் கோணலாகத் திறந்துகொண்டு நான் மட்டும் தேம்பித் தேம்பி அழுகிறேன்.

வண்டி வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். “ஏனுங்ணா, எல்லாரும் சிரிக்கறாங்க, நீங்க மட்டும் ஏன் இப்படி?”

நான் டெஸ்ட் லாம்பைக் கீழே வைக்காமலே சொல்வேன்.

“மூஞ்சி என்னுதுங்க.”